கல்யாண வீடியோ டிவிடியில் ஓட

அக்கா மகள் கல்யாண வீடியோவை கம்ப்யூட்டரில் எடிட் செய்து, எம்பி4 கோப்பாக டிவிடியில் பதிந்தேன். ஊரில் அப்பிச்சி வீட்டு பிளேயரில் ஓடவில்லை. என்ன வழி?
– ஒரு வாசகர், கணபதி, கோவை

எம்பி4 கோப்பை அப்படியே பதிந்தால் அது டேட்டா டிவிடி. பழைய பிளேயருக்குப் புரிவது டிவிடி-வீடியோ அமைப்பு மட்டுமே: 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டர், அதற்குள் எம்பெக்-2 வடிவில் படம். இந்தியாவின் 'பால்' முறையில் அளவு 720 × 576, நொடிக்கு 25 ஃபிரேம்.

இந்த மாற்றத்தை டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளே செய்துவிடும். 'பால்', 16:9 இரண்டையும் தேர்ந்தெடுத்து வீடியோவை உள்ளே இழுத்துப் போட்டால் போதும். மெனு அவசியம் வேண்டும். கொங்குக் கல்யாணத்தில் சீர்கள் ஏராளம். இணைச்சீர், மங்கல வாழ்த்து, தாரை வார்ப்பு என்று அத்தியாயம் பிரித்து வைத்தால், பெரியவர்கள் ரிமோட்டிலேயே வேண்டிய சடங்குக்குப் போய்விடலாம்.

தரத்தைத் தீர்மானிப்பது நீளம். 4.7 ஜிபி வட்டில் (கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும்) ஒரு மணி நேரப் படம் மிகத் தெளிவாக இருக்கும், இரண்டு மணி நேரம் வரை தாங்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் பட்டுச்சேலையின் ஜரிகையெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். அதை இரண்டு வட்டாகப் பிரிப்பதே சரி.

பதியும்போது டிவிடி-ஆர் வட்டு, 4 அல்லது 8 மடங்கு வேகம், கடைசியில் ஃபைனலைஸ். அழித்து எழுதும் வட்டுகளைப் பல பழைய பிளேயர்கள் படிப்பதில்லை. முதல் பிரதியை அப்பிச்சி வீட்டு பிளேயரிலேயே கடைசி அத்தியாயம் வரை ஓட்டிப் பார்த்த பிறகு, சொந்தபந்தங்களுக்கு மற்ற பிரதிகளைப் போடலாம்.