காயா, பழமா?



ஒரு நாவலில் இரண்டு பங்காளிகள் என்று வைத்துக்கொள்வோம். வரப்புத் தகராறு, கோர்ட்டு, பத்து வருஷமாகப் பேச்சில்லை. கடைசியில் ஒரு சாவு வீட்டில் ஒருவர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து மற்றவருக்கு இடம் விடுகிறார். ‘இருவரும் நண்பர்களாக மாறினர்’ என்று எழுதத்தான் மொழிபெயர்ப்பாளரின் கை முதலில் போகும். கொஞ்சம் பொறுங்கள். பங்காளிகள் நண்பர்களாவதில்லை. பகை தீர்வதற்குத் தமிழில் வினைச்சொற்கள் ஏராளம். யார் இறங்கி வந்தார் என்பதையும் அவற்றில் சில காட்டிக்கொடுக்கும்.

பழைய வினை ‘நள்’. நட்பு பிறந்தது அதிலிருந்துதான். நட்டார் என்றால் நண்பர், நள்ளார் என்றால் பகைவர். ஒன்னார், நண்ணார், ஒட்டார், சேரார், பொருந்தார் எல்லாம் இதே அச்சு: சேராதவர்தான் பகைவர். ஆனால் இன்றைய வாசகருக்கு ‘நட்டார்’ என்றால் மரக்கன்றுதான் நினைவுக்கு வரும்.

வள்ளுவரே இந்த விஷயத்தில் ஒரே வினையை நம்பவில்லை. பகைவர் நண்பராக வரும் காலத்துக்கு 830ஆம் குறளில் ‘முகநட்டு’ என்கிறார். முகத்தளவில் மட்டும் நட்பு, அகத்தில் இல்லை. 874ஆம் குறளில் பகையை நட்பாக்குபவனைப் புகழும்போதோ ‘கொண்டொழுகும்’ என்கிறார். ஒருநாள் கைகுலுக்கல் போதாது, அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும் என்பது அந்த ‘ஒழுகு’வில் இருக்கிறது.

தெருவுக்கு வந்தால், காய் விட்ட பிள்ளைகள் பழம் விடுகிறார்கள். பெரியவர்கள் ராசியாகிறார்கள். அரபியிலிருந்து உருது வழியாக வந்த இந்த ராசியில் பேரமும் உண்டு. இதன் உறவுக்காரச் சொல்லான ராஜிநாமா, வேலையை விடும் கடிதமாவதற்கு முன்பு கோர்ட்டில் வழக்காளிகள் எழுதிக்கொடுத்த சமாதானப் பத்திரம். ‘உறவாடினான்’ என்று எழுதுபவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ‘உறவாடிக் கெடுத்தான்’ என்ற வழக்கு காதில் இருப்பதால், அடுத்து ஒரு துரோகம் வரும் என்று வாசகர் காத்திருப்பார்.

சாவு வீட்டுப் பங்காளிகளுக்கு இவை எதுவும் பொருந்தாது. பழம் விட்டார்கள் என்றால் சிரிப்பு வரும், ராசியானார்கள் என்றால் வக்கீல் வாடை அடிக்கும். ஊரில் சொல்வது வேறு: ‘ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை வந்துடுச்சு.’ அந்த வாக்கியத்தில் எழுவாய் பேச்சுவார்த்தைதான். முதலில் யார் பேசினார் என்பது அதில் இல்லை. இருவர் மானமும் அதனால்தான் தப்புகிறது.