வெளிறிய பிரிண்டும் போர்வெல் தண்ணீரும்

வீட்டு டார்க் ரூமில் போடும் பிரிண்டில் கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை அழுக்காகவும் விழுந்தால், சூளகிரி, ஓசூர் பக்கம் உடனே சொல்லப்படும் காரணம் இதுதான்: போர்வெல் தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடு கறுப்பைத் தின்றுவிடுகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆனால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் தண்ணீர் படத்தையும் கெடுக்கும் என்பது ஆதாரமற்ற பேச்சு.

குடிநீரில் ஃப்ளோரைடுக்கு அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். டி-72 டெவலப்பரிலோ லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் புரோமைடு வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. ஒரு பங்கு டெவலப்பருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்த பிறகும் லிட்டருக்கு 650 மில்லிகிராமுக்கு மேல் அது மிஞ்சும். அவ்வளவு இருந்தும் கறுப்பு நன்றாகவே விழுகிறது. வெளிச்சம் படாத இடம் கறுக்காமல் காப்பது புரோமைடின் வேலை. வெள்ளியோடு அது கரையாத உப்பாவதால் அந்த வேலை நடக்கிறது. வெள்ளி ஃப்ளோரைடு தண்ணீரில் கரைந்துபோகும் உப்பு. கறுப்பைத் தடுக்க ஃப்ளோரைடுக்கு வழியே இல்லை.

சந்தேகம் தீராதவர்கள் பேட்டரிக் கடையில் ஒரு கேன் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிச் சோதிக்கலாம். ஒரு தட்டில் அதில் கலந்த டெவலப்பர், இன்னொன்றில் போர்வெல் தண்ணீரில் கலந்தது. வெள்ளை விளக்கில் காட்டிய காகிதத் துண்டு ஒவ்வொன்றை இரண்டிலும் 2 நிமிடம் போட்டு எடுத்தால், இரண்டும் ஒரே கறுப்பாக இருக்கும். கடினநீரால் வருவது சுண்ணாம்புப் படிவு மட்டுமே. காய்ந்த பிரிண்டின் மேல் நிற்கும் அந்த வெள்ளைப் பொடி ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

தண்ணீரின் மேல் சொல்லத்தக்க குற்றம் ஒன்று உண்டு: குளிர்ச்சி. மார்கழி, தை இரவுகளில் ஓசூர் மேட்டுநிலத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கும். டெவலப்பருக்கு வேண்டியது 20 டிகிரி. வெப்பம் இறங்க இறங்க, டெவலப்பரில் அழுத்தமான கறுப்பைத் தரும் ஹைட்ரோகுவினோன் சோர்ந்துவிடும். அதிலுள்ள இன்னொரு மருந்தான மெட்டால் மட்டும் தனியே வேலை செய்யும். அது தருவது மென்மையான சாம்பல். தட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தால் தீரும் இந்தக் குறைக்காகக் கேன் கேனாகத் தண்ணீர் வாங்குவது வீண் செலவு.

அடுத்த காரணம் அவசரம். என்லார்ஜரில் வெளிச்சம் அதிகம் கொடுத்துவிட்டு, படம் மளமளவென்று கறுக்கிறதே என்று 30 விநாடியில் காகிதத்தை வெளியே எடுப்பவர்களுக்குச் சோகை பிடித்த படம்தான் கிடைக்கும். ஃபைபர் காகிதத்துக்கு 2 நிமிடம், ஆர்.சி. காகிதத்துக்கு ஒரு நிமிடமாவது முழுதாகக் கொடுத்து, வெளிச்சத்தைத்தான் குறைக்க வேண்டும்.

வெள்ளை அழுக்காவதற்குக் காரணம் வேறு. பூஜை அறைச் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு சேஃப் லைட் ஆகாது. சாயத்தினூடே வெள்ளை வெளிச்சம் கசியும். மூடிய ஸ்டூடியோக்களிலிருந்து வரும் பழைய காகிதமும், 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ காகிதம் உட்பட, வயதானால் மூட்டம் பிடிக்கும். வெளிச்சம் காட்டாத துண்டு டெவலப்பரில் சாம்பலானால் அந்தக் கட்டைத் தூர எறியலாம். அதிக நேரம் அலசினால் கறுப்பு கூடும் என்பது பொய். மேட் காகிதம் பளபளக் காகிதம் அளவு கறுக்கும் என்பதும் பொய். நெகட்டிவே தட்டையாக இருந்தால் மல்டிகிரேடு காகிதத்தில் மெஜந்தா ஃபில்டரைக் கூட்ட வேண்டும்.

தண்ணீரைக் குறை சொல்பவர்கள் பழைய ஃபிக்சரைக் கொட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். அதில் கரைந்திருக்கும் வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஆண்டுதோறும் பார்க்கும் வட்டாரத்தில் அதைச் சாக்கடையில் ஊற்றுவது மன்னிக்க முடியாத செயல். பிளாஸ்டிக் வாளியில் ஃபிக்சரோடு இரும்பு நாரைப் போட்டு ஓரிரு நாள் வைத்தால் வெள்ளி கருஞ்சேறாக அடியில் படியும். சேற்றை வடிகட்டிக் காயவைத்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுக்கலாம்.