கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்



சர்க்கரை நோய் இருந்தும், "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது" என்று நம்மில் பலர் கண் பரிசோதனைக்குப் போவதில்லை. சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. தொடக்கத்தில் இது வலிக்காது, பார்வையும் மங்காது.

விழித்திரை, கருவில் மூளையிலிருந்தே பிரிந்து வளர்வது. இரண்டிலும் உள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள் ஒரே தன்மையுடையவை. மிகுந்த சர்க்கரை கண்ணில் அவற்றைக் கசிய வைக்கிறது. மூளையிலும் அவற்றைக் கெடுக்கலாம். விழித்திரை பாதித்தவர்களுக்கு நினைவாற்றல் கூடுதலாகக் குறைவதை ஆய்வுகள் கண்டுள்ளன. அதற்காக, எல்லாருக்கும் மறதி நோய் வரும் என்று அஞ்ச வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்வோம். திருவதிகையினர் புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்று வரலாம். சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது.

2. சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்போம்.

3. வீட்டுப் பெரியவர் மாத்திரை போட்டதை மறந்து மீண்டும் போட்டால், "வயதாகிவிட்டது" என்று விடாமல் மருத்துவரிடம் சொல்வோம். சர்க்கரை திடீரெனத் தாழ்வது உயிருக்கே ஆபத்து. மாத்திரைப் பொறுப்பைப் பிள்ளைகள் ஏற்கட்டும்.

4. ரமளான் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கலந்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்வோம்.