குதிரை செல்லும் குறுகிய வழி

ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குச் செல்வார் யாவரும் குறுகிய வழியையே விரும்புவர். அவ்வழியைக் காண்டற்குச் சேரவேண்டிய இடத்தை நோக்கி நேரே விரைதலே தக்கதென்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். அவ்வெண்ணம் எல்லாவிடத்தும் பொருந்தாது என்பதையும், படிப்படியாகத் தேடுவானே குறுகிய வழியைத் தப்பாது அடைவான் என்பதையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். கணிதம் சிறப்புப் பாடமாகப் பயிலாதாரும் விளங்கிக்கொள்ளும் பொருட்டுச் சதுரங்கப் பலகை ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வாம். வாசகர் தாளும் பென்சிலும் கொண்டு உடன் வருவாராயின் நன்று.

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உள. குதிரை ஒரு திசையில் இரண்டு கட்டமும் அதற்குச் செங்குத்தாக ஒரு கட்டமும் பாய்ந்து அமரும். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு, ஒரே பாய்ச்சலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத்தக்க இரு புள்ளிகளை ஒரு கோட்டினால் இணைத்தால், 64 புள்ளிகளும் 168 கோடுகளும் உடைய ஓர் உருவம் தோன்றும். இத்தகைய உருவத்தைக் கோட்டுரு என்று கூறுவாம். ஈண்டுப் புள்ளிகளின் இருப்பிடமோ கோடுகளின் நீளமோ பொருளன்று. எது எதனோடு இணைந்துளது என்பதே பொருள். கோனிக்ஸ்பேக் நகரத்து ஏழு பாலங்களைப் பற்றி ஓயிலர் 1736 இல் எழுதிய ஆராய்ச்சியே இந்நோக்குக்கு வித்திட்டது.

கட்டங்களைப் பெயரிட்டு வழங்க, இடமிருந்து எண்ணிய நிரலை முன்னும் கீழிருந்து எண்ணிய நிரையைப் பின்னும் எழுதுவாம். குதிரை (1,1) என்னும் மூலையில் நிற்கின்றது. அதனை மூலைவாட்டில் அடுத்துள்ள (2,2) என்னும் கட்டத்துக்கு எத்தனை பாய்ச்சல்களிற் கொண்டு செல்லலாம்? கண்ணுக்கு மிக அண்மையில் உள்ள கட்டமாதலின், இரண்டு அல்லது மூன்று போதுமென்று தோன்றும். விடையை முறையாகத் தேடுவாம்.

மூலைக் கட்டத்தில் 0 என்று எழுதுக. அதிலிருந்து ஒரு பாய்ச்சலில் அடையத்தக்கவை (2,3), (3,2) என்னும் இரண்டே. அவற்றில் 1 என்று எழுதுக. இனி (2,3) இலிருந்து புதிதாக அடையத்தக்கவை (1,5), (3,5), (4,4), (4,2), (3,1) என்னும் ஐந்து. (3,2) இலிருந்து புதியனவாய்க் கிடைப்பவை (5,1), (5,3), (2,4), (1,3) என்னும் நான்கு. (4,4) இதிலிருந்தும் அடையத்தக்கதேனும் முன்னரே எண் பெற்றுவிட்டமையின் அதனைத் தொடுதல் ஆகாது. இவ்வொன்பதிலும் 2 என்று எழுதுக. இவ்வாறே 2 பெற்றவற்றின் அயற்கட்டங்களுள் வெறுமையாயிருப்பவற்றில் 3, அவற்றின் அயலில் 4 எனத் தொடர்க.

முறையின் உயிர்நிலை இரண்டு விதிகளில் உள்ளது. முதலாவது, முன்னர் எண் பெற்ற கட்டத்தின் அயலை முன்னர் ஆராய்தல்; வரிசையில் நிற்போருள் முதல் வந்தவர் முதற் செல்வது போன்றது இது. இரண்டாவது, ஒருமுறை இட்ட எண்ணை மாற்றாதிருத்தல். இங்ஙனம் பலகை நிரம்பியபின் எண்ணிப்பார்த்தால், 0 பெற்றது 1 கட்டம். 1 பெற்றவை 2. 2 பெற்றவை 9. 3 பெற்றவை 20. 4 பெற்றவை 21. 5 பெற்றவை 10. 6 பெற்றது எதிர்மூலையாகிய (8,8) மட்டும். ஆகமொத்தம் 64.

(2,2) இல் உள்ள எண் யாது? நான்கு! எட்டத்தில் உள்ள (4,4) இரண்டு பாய்ச்சலில் வர, அருகில் உள்ள (2,2) நான்கு பாய்ச்சலைக் கேட்கின்றது. கண்ணளவு வேறு, வழியளவு வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இட்ட எண் உண்மையிலேயே மிகக் குறைந்தது என்பதற்கு நிறுவல் யாது? தொகுத்தறி முறையால் நோக்குவாம். k இலும் குறைந்த தூரத்திலுள்ள கட்டங்கள் யாவும் சரியான எண்ணைப் பெற்றன என்று கொள்க. ஒரு கட்டம் k பாய்ச்சல் தூரத்தில் இருப்பின், அதற்குரிய குறுகிய வழியில் அதற்கு முந்திய கட்டம் k−1 தூரத்தில் இருத்தல் வேண்டும். அது சரியாக எண் பெற்றுள்ளமையின், அதன் அயலை ஆராயும்போது நம் கட்டம் k என்னும் எண்ணைப் பெறும், அல்லது அதற்கு முன்னரே பெற்றிருக்கும். k இலும் சிறிய எண்ணை அது பெற்றிருக்க முடியாது. ஏனெனில் இட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் அத்தனை பாய்ச்சலுள்ள ஒரு வழி உண்டு. எனவே எண் k என்பது துணிபு.

எதிர்மூலைக்கு வேறொரு வகையாலும் சோதனை உண்டு. (1,1) இலிருந்து (8,8) க்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கவேண்டியவை 14 கட்டம். ஒரு பாய்ச்சல் மூன்றுக்கு மேற் கடவாது. ஆகவே நான்கு போதா. பாய்ச்சல்தோறும் கட்டத்தின் நிறம் மாறும். இரு மூலைகளும் ஒரே நிறம். ஆகவே எண் இரட்டையாதல் வேண்டும். ஐந்தும் ஒழிய, ஆறே எஞ்சும்.

தூரம் அறிந்தோம், வழியை அறிவது எவ்வாறு? எண் இடும்போதே, எக்கட்டத்தினின்று வந்தோம் என்பதையும் ஒரு சிறு அம்புக்குறியாற் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் எக்கட்டத்திலிருந்தும் அம்புகளைப் பின்பற்றி மூலைக்கு மீளலாம். அவ்வழியைத் தலைகீழாகப் படித்தால் குறுகிய வழி கிடைக்கும். (2,2) க்கு அவ்வாறான ஒரு வழி (1,1), (2,3), (4,2), (3,4), (2,2) என்பது. மூலை ஒழிந்த 63 கட்டங்களுக்கும் ஒவ்வோர் அம்பு உண்டு. 168 கோடுகளில் 63 மட்டும் நிற்க, 105 நீங்கும். எஞ்சியது மூலையை வேராகக் கொண்டு கிளைத்த மரம் போன்றது. அதனைக் குறுகிய வழி மரம் என்பர். ஓரிடத்துக்கு வழி தேடப் புகுந்த நாம், எல்லாவிடத்துக்கும் வழி பெற்றுவிட்டோம். கோடு ஒவ்வொன்றையும் அதன் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு முறை நோக்கியதே, அஃதாவது 336 நோக்குகளே, இதற்கான உழைப்பு.

இம்முறையை யேர்மனியரான கொன்றாட் சூசே 1945 இல் எழுதிவைத்தார். எனினும் அது 1972 இலேயே அச்சேறிற்று. அமெரிக்கரான எட்வேட் மூர், சிக்கலான புதிர்வழியிலிருந்து வெளியேறும் குறுகிய பாதையைக் காண இதனைத் தாமாகவே கண்டு 1959 இல் வெளியிட்டார். 1961 இல் லீ என்பவர் மின்சுற்றுக்களிற் கம்பி செல்லும் தடத்தை வகுக்க இதனைப் பயன்படுத்தினார்.

முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒவ்வொரு படியும் ஒரே அளவினதாய் இருந்தாலன்றி இது பொருந்தாது. இரு ஊர்களை 10 கிலோமீற்றர் நீளமான ஒரு தெரு நேரே இணைக்க, இடையிலோர் ஊர் வழியாக 3, 4 கிலோமீற்றர் நீளமான இரு தெருக்கள் உளவாயின், நம் முறை ஒரே படியென நேர்த்தெருவைத் தெரியும். 7 கிலோமீற்றர் வழியைக் கைவிடும். இக்குறையை ஒல்லாந்தரான டைக்ஸ்ட்ரா 1956 இல் நீக்கி, 1959 இல் வெளியிட்டார். முதல் வந்ததை ஆராயாது, தொடக்கத்திலிருந்து மிகக் குறைந்த தூரத்தில் உள்ளதை முதல் ஆராய்தலே அவர் செய்த மாற்றம். தூரங்கள் எதிர்க்குறியற்றனவாய் இருக்கும்வரை அது பிழையாது.

மாணவர் இவ்வாராய்ச்சியைப் பலகையின் நடுக்கட்டம் ஒன்றிலிருந்து தொடங்கித் தாமே செய்துபார்ப்பாராக. எண்ணை மட்டும் எழுதி அம்பைக் குறியாது விட்டவர், தாம் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை அறிவர். எவ்வழி வந்தோம் என்பதைச் சொல்லமாட்டார். கல்லூரியை விட்டு நெடுந்தூரம் சென்றுவிட்ட பழைய மாணவராகிய நமக்கும் இது பொருந்தும். எங்கிருந்து வந்தோம் என்னும் சிறு குறியை ஒவ்வொரு படியிலும் பேணியவருக்கே வேருக்கு மீளும் வழி தெரியும்.