டார்ட்டும் ஃபிளட்டரும்: கற்கலாமா, அதற்காகக் கடன் வாங்கலாமா?

டெல்லி சரோஜினி நகர்ச் சந்தையில் துணி வாங்குவோர், கடையில் ஒட்டியுள்ள கியூ.ஆர். குறியீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்து பணம் செலுத்துகின்றனர். ஒருவர் கையில் ஆண்ட்ராய்டு, அடுத்தவர் கையில் ஐபோன். செயலியோ இரண்டிலும் ஒன்றுபோல் இயங்க வேண்டும். வழக்கமான முறையில், ஆண்ட்ராய்டுக்கு ஜாவா அல்லது கோட்லின், ஐபோனுக்கு ஸ்விஃப்ட் என ஒரே செயலியை இருமுறை எழுத வேண்டும்.

இந்த இரட்டைச் செலவைக் குறைக்க வந்ததே ஃபிளட்டர். டார்ட் என்னும் நிரல்மொழியை கூகுள் நிறுவனம் 2011-இல் அறிமுகம் செய்தது. அம்மொழியில் ஒருமுறை எழுதிய செயலியை இருவகைக் கைபேசிகளிலும் இயக்கும் கட்டமைப்பான ஃபிளட்டரின் முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வெளிவந்தது. இந்தியாவில் 2017-இல் ‘தேஸ்’ என்று தொடங்கி, மறு ஆண்டு பெயர் மாறிய கூகுள் பே, பின்னர் ஃபிளட்டரில் புதிதாக எழுதப்பட்டது. ஏறத்தாழ 17 லட்சம் வரிகளாக இருந்த நிரல் 11 லட்சமாகக் குறைந்தது.

ஆகவே, இது கற்கத் தக்கதே. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். டார்ட் மொழிக்கு ஃபிளட்டருக்கு வெளியே பயன்பாடு குறைவு. ரியாக்ட் நேட்டிவ் போன்ற போட்டிக் கட்டமைப்புகளும் உள்ளன. ஜாவா போன்ற மொழியில் அடிப்படை பெற்றவருக்கு டார்ட் எளிதில் கைவரும். அடிப்படையின்றி இதை மட்டும் கற்பவர், காலம் மாறும்போது தடுமாறுவார்.

இனிப் பணக்கணக்கு. பயிற்சிக் கட்டணத்துக்காக 1,00,000 ரூபாயை 11 விழுக்காடு வட்டியில் 3 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை சுமார் 3,274 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 17,860 ரூபாய். ஆனால் டார்ட், ஃபிளட்டர் இரண்டும் இலவசம். அவற்றின் பாடக் குறிப்புகளும் இணையத்தில் இலவசமே. கூகுள் பிளேயில் செயலி வெளியிட ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். ஐபோன் செயலியை உருவாக்க மேக் கணினியும் தேவை என்பதால், முதலில் ஆண்ட்ராய்டில் தொடங்குவது சிக்கனம்.

மைய அரசின் மாதிரித் திறன் கடன் திட்டத்தின் உச்சவரம்பு 2024 ஜூலையில் 1.5 லட்சத்திலிருந்து 7.5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. எனினும், கடன் கிடைக்கிறது என்பது கடன் வாங்கக் காரணமாகாது. விண்ணப்பிக்குமுன் மூன்று மாதம் இலவசமாகப் பயின்று, கடை வரவுசெலவு எழுதும் சிறு செயலி ஒன்றை முடித்துக் காட்டுமாறு பிள்ளைகளிடம் கூறுங்கள். முடித்தவருக்குப் பயிற்சி நிலையத்தின் தேவை பெரும்பாலும் குறைந்துவிடும். முடிக்க இயலாதவருக்கு அத்துறையில் நாட்டம் உண்டா என்பது தவணை தொடங்குமுன்பே தெளிவாகிவிடும். கடன் அவசியமெனில், பல மொழிகளுக்கும் பொதுவான அடிப்படையைக் கற்பித்து, அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் அளிக்கும் படிப்புக்கு வாங்குவதே நன்று.