வாசலில் இருக்க வேண்டிய மூட்டை

திருவனந்தபுரத்தில் பூகம்பம் வராது என்று உறுதியாக நம்புகிற நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில், வீட்டுக்கொரு அவசரகாலப் பையும் தரைத்தளத்தில் ஒரு பொதுப் பெட்டியும் வேண்டுமென்று நான் எழுந்து பேசியபோதெல்லாம், அவர்கள் அந்த நம்பிக்கையையே பதிலாகச் சொல்லிவிட்டு, வாகன நிறுத்துமிடத் தகராறுக்கும் லிஃப்ட் பராமரிப்புக் கட்டணத்துக்கும் போய்விட்டார்கள். அங்கே முழுவதும் சொல்ல வாய்க்காத பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன். பூகம்பத்தைப் புத்தகத்தில் படித்தவனாக அல்ல, அதன் பிறகு தெருவில் குடும்பத்தோடு படுத்தெழுந்தவனாக எழுதுகிறேன்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி, உத்தியோக நிமித்தம் நான் என் தாயார், மனைவி, சிறுமியான என் மகள் ஆகியோருடன் குஜராத்தில் கட்ச் மாவட்டத்தின் தலைநகரான புஜ் நகரில் இருந்தேன். குடியரசு தினக் கொடியேற்றத்துக்காக நான் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், காலை 8 மணி 46 நிமிஷத்துக்கு, பச்சாவ் என்ற ஊருக்குச் சமீபத்தில் மையங்கொண்டு 7.7 அளவில் எழுந்த அந்த அதிர்ச்சி, கோட்டைச் சுவருக்குள் அடங்கிய பழைய புஜ் நகரத்தின் பெரும்பகுதியைக் கல்லும் மண்ணுமாக்கியது. குஜராத் முழுவதிலும் 13,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. நகரின் பொது மருத்துவமனையையும் இடித்துத் தள்ளியது. நாங்கள் நால்வரும் முன் தாழ்வாரத்தில் இருந்தபடியால் வெளியே வந்துவிட்டோம். எங்கள் வாடகை வீடு விழவில்லை. தூண்கள் பிளந்து, மாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

வீடு விழவில்லை என்ற இந்தச் செய்தியில்தான் நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பூகம்பத்துக்குப் பிறகு ஜனங்களில் மிகப் பலர், இடிந்த வீட்டின் முன்னால் அல்ல, நின்றுகொண்டிருக்கிற வீட்டின் முன்னால்தான் தவிக்கிறார்கள். அரிசியும் ஔஷதமும் பணமும் போர்வையும் பத்தடி தூரத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் பின்னதிர்ச்சிகள் நாள்கணக்கில் ஓயாதபடியால் அந்தப் பத்தடியைக் கடக்க முடியாது. ஆகவே, எதைச் சேகரிப்பது என்ற கேள்விக்கு முன்னால், சேகரித்ததை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பதில் கண்டாக வேண்டும்.

அந்தக் கேள்விக்கு நான் முன்னமே பதில் கண்டிருந்தேன். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி கோட்டயம் மாவட்டத்தில் ஈராற்றுப்பேட்டைக்கு அருகே 5 அளவில் ஒரு நில அதிர்ச்சி உண்டாயிற்று. அந்தச் செய்தியை ஊர்க் கடிதத்தில் படித்ததும், 1956-இல் பூகம்பத்தால் அஞ்சார் நகரம் இடிந்ததைக் கண்ணால் கண்ட முதியவர்கள் புஜ்ஜில் சொன்ன கதைகளும் சேர்ந்துகொள்ள, நான் ஒரு தோள்பை தயார் செய்தேன். தண்ணீர், டார்ச் விளக்கு, இரண்டு கம்பளி, கொஞ்சம் ரொக்கம், ஆஸ்துமாவினால் அவதிப்படும் என் தாயாரின் இன்ஹேலரும் மாத்திரைகளும் ஆகிய இவ்வளவையும் அதில் போட்டு, வாசற்கதவின் அருகே ஆணியில் மாட்டியிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனர், வாசலில் ரொக்கத்தைத் தொங்கவிடுவது திருடனை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும் என்று சொல்லி, அந்தப் பையை உள்ளறை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பூஜை அலமாரியில் போட்டுவிட்டார். நான் ஆட்சேபித்தேன்; வீட்டில் எல்லோரும் விருந்தாளியின் பக்கம் பேசினார்கள். அவர் ஊர் திரும்பிய பிறகும் பை பீரோவிலேயே இருந்தது. கேட்டபோதெல்லாம், இருக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்றார்கள்.

பூகம்ப தினத்தின் பிற்பகலில், சந்துப் பக்கத்து ஜன்னல் கம்பிகளின் வழியாகப் பார்த்தால் அந்த பீரோ நன்றாகத் தெரிந்தது. சுண்ணாம்புத் தூள் படிந்து, கதவுக் கண்ணாடி குறுக்கே விரிசல் கண்டு, அதன் மேல் வைத்திருந்த பித்தளைக் குடம்கூட உருளாமல் நின்றது. மூங்கில் கழியில் கொக்கி கட்டி நீட்டினால் பீரோவின் கைப்பிடி வரையில் எட்டியது. பூட்டியிருந்த கதவு திறக்கவா போகிறது? கட்சின் ஜனவரி இரவு எலும்பைத் துளைக்கும் குளிருடையது. தெருவெல்லாம் புழுதி. என் தாயாரை நிமிர்த்தி உட்காரவைத்து, கவிழ்த்துப் போட்ட ஒரு தண்ணீர்ப் பீப்பாயில் முதுகைச் சாய்த்து, ஒவ்வொரு மூச்சும் சீழ்க்கையாக வருவதை விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாமே என்று பிற்காலத்தில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. கோழை என்று ஜாடையாகச் சொன்னவர்களும் உண்டு. நான் வாசற்படியை நெருங்கியபோது ஒரு ராணுவ வீரர் என் தோளைப் பற்றிப் பின்னால் இழுத்தார்; சற்று நேரத்துக்கெல்லாம் வந்த பின்னதிர்ச்சியில் மாடிக் கைப்பிடிச் சுவர் அந்தப் படியின் மேலேயே விழுந்தது. போகாததுதான் சரி என்று அன்று போலவே இன்றும் சொல்கிறேன். மறுநாள் ஜூபிலி மைதானத்தில், திறந்த வெளியில் நோயாளிகளை வரிசையாகக் கிடத்தி வைத்தியம் செய்துகொண்டிருந்த டாக்டர்களிடம் மருந்து கிடைத்தது. தாயார் பிழைத்தார், ஆனால் அந்த இரவுக்குப் பிறகு அவருடைய சுவாசம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அன்றைக்கு வருமென்று யாருக்குத் தெரியும் என்று என் மைத்துனர் இன்றும் கேட்கிறார். யாருக்கும் தெரியாது, தெரியாது என்பதற்காகவே அந்தப் பை வாசலில் தொங்கியது.

இனி, பொருள் தேடிய கதை. முதல் நாளில் உதவி என்பது அடுத்த வீட்டார்தான்; அரசாங்கமும் ராணுவமும் எவ்வளவு விரைந்தாலும், கட்சை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் சூரஜ்பாரிப் பாலம் சேதமுற்று, தொலைபேசிகளும் செத்துக் கிடந்த நிலையில், அவர்கள் வந்து சேரும் வரையில் தெருவிலுள்ளவர்கள்தாம் ஒருவரையொருவர் தாங்க வேண்டும். எங்களுக்கு முதல் ஆகாரமாக வாய்த்தது, பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மாள் டப்பாவோடு தூக்கி வந்திருந்த காக்ரா. அப்பளம்போல் மொறுமொறுப்பாகச் சுட்ட அந்த ரொட்டிக்கு அடுப்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வாரக்கணக்கில் கெடுவதுமில்லை. மூலையிலிருந்த மளிகை வியாபாரி, பாதி சரிந்த கடையின் முன்பக்கத்திலிருந்து சர்க்கரையும் கடலையும் நிறுத்துக் கொடுத்தார். சில்லறை வைத்திருந்தவர்களுக்கும் பாத்திரம் கொண்டுவந்தவர்களுக்கும் காரியம் உடனே நடந்தது. பெரிய நோட்டை நீட்டியவர்கள் காத்து நின்றார்கள். இக்காலத்தில் கைப்பேசியைக் காட்டிப் பணம் கொடுக்கப் பழகியவர்கள், கோபுரம் செயலிழந்த நாளில் அந்தக் கைப்பேசியால் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு லாரிகள் வந்தன. நாடு முழுவதும் மனமிரங்கி அனுப்பிய பழைய துணிகள் நெடுஞ்சாலை ஓரங்களில் எடுப்பாரின்றி மண்ணில் குவிந்து கிடக்க, நாங்கள் தேடிய கம்பளிக்கும் தார்ப்பாய்க்கும் பெருந்தட்டுப்பாடு இருந்தது. சாலையோரக் கிராமங்களுக்கு மூன்று முறை கிடைத்த பொருள், உள்ளே தள்ளியிருந்த கிராமங்களுக்கு ஒரு முறையும் எட்டாமலிருந்ததாக வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். வண்டியின் பின்னால் ஓடிக் கைநீட்டுவது பலவானுக்கு மட்டுமே பயன்படும் என்பதைக் கண்டு, எங்கள் தெருவில் எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை, எத்தனை நோயாளி, யாருக்கு என்ன மருந்து என்று ஒரு காகிதத்தில் நான் எழுதினேன். அந்தப் பட்டியலோடு இருவர் மட்டும் முகாம் அலுவலகத்துக்குப் போனார்கள்; கூட்டத்தில் முண்டியடித்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிய அன்று மாலையில், எங்கள் தெருவுக்குத் தார்ப்பாய்கள் மொத்தமாக வந்து இறங்கின. பையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும் என்று நான் சொல்லும்போது சிரிப்பவர்களுக்கு அந்தத் தார்ப்பாய்களே சாட்சி.

பையில் வைக்க வேண்டியவை எல்லோரும் அறிந்தவைதாம், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டார்ச், பாட்டரி ரேடியோ, விசில், கெட்டிக் கயிறு, கையுறை, காயத்துக்குக் கட்டுத்துணி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், இரண்டு வாரத்துக்கான மருந்தும் டாக்டர் சீட்டின் நகலும், மாற்று மூக்குக்கண்ணாடி, பெண்களுக்கு வேண்டிய நாப்கின், பத்து ஐம்பது நூறு ரூபாய் நோட்டுகள், ஆதார் முதலிய பத்திரங்களின் நகல்கள் ஆகியவற்றை நீர் புகாத உறையில் போட்டு வையுங்கள். கட்டிலருகே ஒரு ஜோடி கனத்த செருப்பு அவசியம்; இருட்டில் உடைந்த கண்ணாடியின் மேல் வெறுங்காலோடு நடந்து பாதம் கிழிந்தவர்களை நான் ஏராளமாகப் பார்த்தேன். புஜ்ஜில் எங்களை வாட்டியது குளிர். திருவனந்தபுரத்தில் வாட்டப்போவது மழை. ஆகையால் கம்பளியின் இடத்தில் நல்ல தார்ப்பாய் இருக்கட்டும். சாலைக் கடைத்தெருவில் அளவு சொல்லி வாங்கலாம். ஆகாரத்தில், நெடுநேரம் வேக வேண்டிய மட்டை அரிசியை நம்பாதீர்கள்; அவலும் வெல்லமும் வறுத்த கடலையும் ஏத்தங்காய் உப்பேரியும் நெருப்பில்லாமலே மூன்று நாள் தாங்கும்.

தண்ணீரைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். நம் நகரம் பெரும்பாலும் கரமனையாற்றின் அருவிக்கரையிலிருந்து வரும் குழாய்களை நம்பியே வாழ்கிறது. 2024 செப்டம்பரில் ரயில்பாதை இரட்டிப்புக்காகக் குழாய்களை மாற்றியமைத்த வேலை நீண்டுபோனபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட வார்டுகள் நாள்கணக்கில் தண்ணீரின்றித் தவித்ததையும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதையும் அதற்குள் மறந்திருக்க மாட்டோம். முன்னறிவிப்போடு தொடங்கிய வேலைக்கே அந்தக் கதியென்றால், நிலம் அதிர்ந்து குழாய்கள் முறியும் நாளில் என்னவாகும்? மூன்றாம் மாடியில் வயதான தாயோடு வசிப்பவர்கள், மின்சாரமில்லாமல் ஓடாத மோட்டாரை நம்பிப் பயனில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிப்பதற்கு மட்டும் மூன்று லிட்டர் வீதம் மூன்று நாளைக்கான தண்ணீர், தூக்கக்கூடிய சிறு கேன்களில், படிக்கட்டின் கீழே இருக்க வேண்டும். பழைய வீட்டுக் கிணறுகளை மூடாமல் வைத்திருக்கும் அண்டை வீட்டார் யாரென்று இப்போதே தெரிந்துகொண்டு, வாளியும் கயிறும் தயாராக வையுங்கள். கலங்கிய கிணற்றைத் தெளியவிட்டு, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும்.

வெளியேறும் வழியும் உபகரணங்களில் ஒன்றுதான். அஞ்சார் நகரில் குடியரசு தின ஊர்வலம் சென்ற பள்ளிக் குழந்தைகள் ஒரு குறுகிய தெருவில் இருபுறத்துக் கட்டடங்களும் சரிந்து மாண்டார்கள். கரமனையின் பழைய தெருக்களிலும் சாலைக் கடைத்தெருவின் சந்துகளிலும் வசிப்பவர்கள் அதை நினைத்து, பூஜப்புரை மைதானத்துக்கோ புத்தரிக்கண்டத்துக்கோ அகன்ற வீதி வழியாக எப்படிப் போவது என்று பகலில் ஒரு முறை குடும்பத்தோடு நடந்து பார்க்க வேண்டும். பிரிந்து போனால் சந்திக்கும் இடம் இன்னதென்று குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும் 112-ஐயும் காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள்.

பூகம்ப ஆபத்து வரைபடத்தில் கேரளம் மூன்றாம் மண்டலம், கட்ச் ஐந்தாம் மண்டலம். இரண்டையும் ஒப்பிடலாமா என்று படித்தவர்கள் என்னைக் கேட்கிறார்கள். 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி விடியுமுன் லாத்தூர் பிரதேசத்தில் நேர்ந்த பூகம்பத்தில் ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலேயே புதையுண்டார்கள். அன்றைய வரைபடம் அந்தப் பிரதேசத்தை ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்தான் வைத்திருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்ராவின் கடலடியில் எழுந்த அதிர்ச்சி, நமக்கு வடக்கே ஆலப்பாட்டிலும் தெற்கே குளச்சலிலும் அலையாக வந்து உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் செங்ஙன்னூரில் மாடியேறி நின்றவர்களை மீட்க, நம் பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்த மாடிகளில் நின்றவர்களுக்கும் கீழ்த்தளத்து அலமாரியில் எல்லாப் பொருளும் இருக்கத்தான் இருந்தன. வருவது நிலமானாலும் நீரானாலும் தேவைப்படுவது இந்த ஒரே பைதான்.

ஆகவே என் யோசனை இது. ஜனவரி 26-ஆம் தேதியும் ஆகஸ்டு 15-ஆம் தேதியும் வீட்டில் எல்லோரும் இருக்கும் விடுமுறை நாள்கள். அந்த இரு தினங்களிலும் பையைத் திறந்து, காலாவதியான மருந்தையும் பாட்டரியையும் மாற்றி, தண்ணீரைப் புதுப்பித்து, மறுபடியும் வாசலிலேயே மாட்டுங்கள். திருட்டுப் பயமுள்ளவர்கள் ரொக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பையை உள்ளே கொண்டுபோக வேண்டாம். குடியிருப்பில் வசிப்பவர்கள், தார்ப்பாய், கடப்பாரை, கயிறு, முதலுதவிப் பெட்டி, வீட்டுவாரியாக நோயாளிகளின் பட்டியல் ஆகியவை அடங்கிய ஒரு பொதுப் பெட்டியைக் காவலாளி அறையில் வைத்து, அதன் சாவிகளில் ஒன்றைத் தரைத்தளத்து வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். செலவு, ஒரு வீட்டுக்கு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டைவிட அதிகமாகாது. எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான் மறுபடியும் எழுந்து இதையே கேட்கப்போகிறேன். உங்கள் சங்கத்தில் நீங்கள் கேளுங்கள்.