சாளையின் சதையும் இரண்டு உயிர்ச்சத்துகளும்

எங்கள் கடற்கரையில் சாளை மிகுதியாகப் படும் நாட்களில், விற்றது போக மிஞ்சியதை என் தாயார் உப்பிட்டு உலர்த்துவது வழக்கம். சில வாரங்களில் அந்தக் கருவாட்டின் வயிற்றுப் பக்கம் மஞ்சள் பாரித்து, சிக்கு வாடை வீசத் தொடங்கிவிடும். வாங்க வரும் வியாபாரி, "உப்பு பத்தலை" என்று சொல்லிப் பாதி விலைதான் கொடுப்பார். அடுத்த முறை அம்மா உப்பைக் கூட்டுவார். வாடை முன்னிலும் விரைவாக வரும். விலங்கியல் மூன்றாமாண்டு பயிலும்போதுதான் இதன் காரணம் எனக்கு விளங்கிற்று.

மீன் கெடுவது இரு வழிகளில். நுண்ணுயிர்களால் அழுகுவது ஒன்று; அதை உப்பு தடுக்கும். மற்றொன்று, கொழுப்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து கெடுவது. சாளையின் எண்ணெயில் 20 கார்பன்களும் 5 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட அமிலமும், 22 கார்பன்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட அமிலமும் உள்ளன. இதயத்திற்கு நல்லவை என்று நாம் போற்றும் ஒமேகா-3 கொழுப்புகள் இவைதாம். ஆனால் இரட்டைப் பிணைப்புகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஒரு தனி உறுப்பு தோன்றி, ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, அடுத்த மூலக்கூற்றின் ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்தது அதற்கடுத்ததைத் தாக்கும். சங்கிலி இவ்வாறு நீளும்.

இச்சங்கிலியை அறுப்பது வைட்டமின் 'ஈ'. 1922இல் கலிபோர்னியாவில் இவான்ஸ், பிஷப் என்னும் இருவர் எலிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தபோது கண்டறிந்த பொருள் இது. தன் ஹைட்ரஜனைத் தனி உறுப்புக்குக் கொடுத்து அதை அடக்கும்; கொடுத்தபின் தான் செயலற்றுப் போகும். அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது வைட்டமின் 'சி'. முன்னது கொழுப்பில் கரைவது, பின்னது நீரில் கரைவது. செல் சவ்வின் விளிம்பில் இரண்டும் சந்திக்கின்றன.

இவ்விரண்டையும் சாளை தானே ஆக்கிக்கொள்வதில்லை. 'ஈ' அது உண்ணும் நுண்பாசிகளிலிருந்து வருவது. 'சி'யை ஆக்கும் கடைசி நொதி, நமக்கு இல்லாததுபோலவே, பெரும்பாலான எலும்பு மீன்களுக்கும் இல்லை. சுறாவோ அதைத் தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்கிறதாம்! படித்த அன்று சுறாவின்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

மீன் இறந்ததும் இரத்த ஓட்டம் நிற்கிறது. சதையிலுள்ள கையிருப்புதான் மிச்சம். சாளையின் பக்கவாட்டில் தோலுக்கடியில் கருஞ்சிவப்புத் தசை ஒன்று ஓடுகிறதே, அத்தகைய தசையில் வெண்தசையைவிட வைட்டமின் 'ஈ' கூடுதல். ஆயினும் கொழுப்பும், கேட்டைத் தூண்டும் இரும்பும் அங்கேதான் கூடுதல். 1998இல் கானாங்கெளுத்தி இனமொன்றை ஐஸில் வைத்து ஆராய்ந்தவர்கள், கருந்தசையிலேயே இத்தடுப்புப் பொருள்கள் விரைவாகத் தீர்வதைக் கண்டனர்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அம்மாவின் கருவாட்டிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பெராக்சைடு மதிப்பைக் கண்டேன். கருந்தசையின் எண்ணெய்க்கே தயோசல்பேட் கரைசல் அதிகம் தேவைப்பட்டது. ஆனால் மிகப் பழைய கருவாட்டில் மதிப்புக் குறைந்து வந்தது! நான் தவறு செய்துவிட்டதாக எண்ணி மும்முறை செய்தேன். பெராக்சைடுகள் சிதைந்து வாடை தரும் ஆல்டிஹைடுகளாக மாறிவிட்டன என்று பேராசிரியர் விளக்கினார்.

இனி உப்புக்கு வருவோம். நுண்ணுயிரைத் தடுக்கும் அதே உப்பு, கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்துகிறது. கல்லுப்பில் கலந்துள்ள இரும்பும் செம்பும் அதற்குத் துணைபோகின்றன. வெயிலும் அவ்வாறே. ஆக, அம்மாவின் கையில் குறையில்லை.

வளர்ப்பு மீன்களுக்குத் தீவனத்தில் வைட்டமின் 'ஈ' கூட்டிக் கொடுத்துச் சதையின் கையிருப்பை உயர்த்துகிறார்கள். கடல் சாளைக்கு யார் தீவனம் வைப்பது? பிடித்தவுடன் ஐஸில் இடுவதும், நிழலில் உலர்த்துவதும், காற்றுப் புகாமல் கட்டி வைப்பதுமே நம்மால் ஆகக்கூடியவை.

இவற்றையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நிழலுக்கு ஓலை போட்டுக்கலாம், பையிலயும் கட்டி வைக்கலாம். சாளை மலிஞ்சு கிடக்கிற அன்னைக்கு, மீன் விலையைவிட ஐஸ் விலை கூடுதலா இருக்குமே, அதுக்கு உங்க புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.